கட்டளைக்கு முன்னால் ஒரு கேள்வி: யாராக?

மெயிலிங் லிஸ்ட் சர்வர் பெரும்பாலும் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் வந்து விழும். கல்லூரியானாலும் ஆராய்ச்சி நிறுவனமானாலும் மென்பொருள் கம்பெனியானாலும் இதே நிலைமைதான். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போயிருப்பார். அவர் விட்டுப்போன குறிப்பு அரைப் பக்கம் தேறும். சர்வர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் யாருக்காவது புதிதாக ஒரு லிஸ்ட் வேண்டும் என்று டிக்கெட் வரும். டெர்மினலைத் திறந்து, லிஸ்ட்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளின் கட்டளை ஒன்றை அடிப்பீர்கள். ‘பெர்மிஷன் டினைட்’ என்று பதில் வரும்.

“அண்ணா, பெர்மிஷன் இல்லைன்னு சொல்லுது.”

“சூடோ போட்டு அடிப்பா, போயிரும்.”

மெயில்மேன் பதிப்பு கொஞ்சம் பழையதானால் போய்விடும்தான். லிஸ்ட் உருவாகும், டிக்கெட்டை மூடிவிடுவீர்கள். சிக்கல் அடுத்த வாரம் வரும். வேறொருவர் வேறு வேலை செய்யும்போது, பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். செய்தவருக்கு விளைவு தெரிவதில்லை என்பதால்தான் இந்த அறிவுரை அலுவலகங்களில் ஆள் மாற்றி ஆள் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

லினக்ஸில் ஒரு புரோகிராம் புதிதாக உருவாக்கும் கோப்பு எதுவானாலும், அதை ஓட்டியவர் பெயரில்தான் பதிவாகும். சூடோ போட்டு, அதாவது முழு அதிகாரம் கொண்ட ரூட்டாக ஓட்டினால் கோப்பு ரூட்டுடையது. நாளெல்லாம் ஓடுகிற மெயில்மேன் சேவையோ ரூட் அல்ல; தனக்கென்று ஒதுக்கப்பட்ட ஓர் எளிய பயனராகத்தான் அது வாழ்கிறது. நீங்கள் ஒரு நிமிடம் ரூட்டாக வந்து விட்டுப்போன கோப்பை அது தொட முடியாமல் நிற்கும். எனவே கட்டளை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால், அதை யாராக ஓட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்வர் வேலையில் ஒருவரை நம்பி ப்ரொடக்‌ஷனைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கு நான் பார்க்கும் முதல் அடையாளம் இதுதான்.

யார் யார் அங்கே குடியிருக்கிறார்கள்

குனூ மெயில்மேன் பைத்தானில் எழுதப்பட்டது. மூன்றாம் தலைமுறையான மெயில்மேன் 3.0 வெளிவந்தது 2015 ஏப்ரலில். 2021-இல் வந்த டெபியன் 11 பழைய மெயில்மேன் 2-ஐக் கைவிட்டது. அது பைத்தான் 2-ஐ நம்பியிருந்ததுதான் காரணம். பல அலுவலகங்கள் அந்தச் சமயத்தில்தான் அவசர அவசரமாக 3-க்கு மாறின. அப்படி மாறிய சர்வர்தான் உங்கள் கையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மெயில்மேன் 3 ஒற்றைப் புரோகிராம் அல்ல. அஞ்சலை வாங்கி, சரிபார்த்து, உறுப்பினர்களுக்கு அனுப்பும் ‘கோர்’ ஒரு பக்கம். போஸ்டோரியஸ் என்ற நிர்வாகப் பக்கமும் ஹைப்பர்கிட்டி என்ற பழைய அஞ்சல் காப்பகமும் சேர்ந்த ‘வெப்’ மறு பக்கம். டெபியன் பொதிகளில் இந்த இரண்டும் இரண்டு வேறு பயனர்களாக ஓடுகின்றன. கோர் ஓடுவது ‘லிஸ்ட்’ என்ற பயனராக. டெபியனில் அதற்கு எப்போதும் 38 என்ற எண். வெப் ஓடுவது ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா’ பயனராக. அதாவது அதே மெஷினில் உள்ள மற்ற இணையதளங்களின் பயனராக. ரெட் ஹேட் குடும்பத்தில் பயனர் பெயர் ‘மெயில்மேன்’. மெயில்மேன் திட்டத்தின் சொந்த ஆவணம் சொல்கிறபடி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு நிறுவியிருந்தால், ‘ஆப்ட்’ கோப்பகத்துக்குள் வீடு கொடுத்து உருவாக்கிய ‘மெயில்மேன்’ என்ற ஒரே பயனர்தான் கோருக்கும் வெப்புக்கும்.

இதனால்தான் இணையத்தில் கண்ட கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டுவது ஆபத்து. எழுதியவர் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்காரராக இருப்பார், நீங்கள் டெபியன்காரராக இருப்பீர்கள். கட்டளை ஒன்றே; பயனர் வேறு.

மெயில்மேனுக்கு ரூட் அதிகாரம் ஏன் தேவையே இல்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; யாராவது விவாதித்தால் உதவும். லினக்ஸில் வழக்கமாக 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளைத் திறக்கத்தான் ரூட் வேண்டும். வெளியுலக அஞ்சல் வந்து தட்டுகிற 25-ஆம் போர்ட்டைக் கவனிப்பது போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற அஞ்சல் சர்வர். அது மெயில்மேனிடம் அஞ்சலை ஒப்படைக்கிற எல்எம்டிபி போர்ட் 8024. வெப் பக்கம் கோரோடு பேசுகிற போர்ட் 8001. இரண்டும் எல்லைக்கு மேலே. மெயில்மேன் தன் சொந்தக் கோப்பகங்களைத் தாண்டி எங்கும் எழுத வேண்டியதும் இல்லை. தேவையில்லாத அதிகாரத்தை ஒரு புரோகிராமுக்குக் கொடுத்தால், அதில் ஓட்டை கண்டுபிடிப்பவனுக்கும் அந்த அதிகாரத்தைச் சேர்த்தே கொடுக்கிறீர்கள்.

பயனரைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்

குறிப்பேட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், மெஷினைக் கேளுங்கள். ‘பிஎஸ் ஏயூஎக்ஸ்’ என்று அடித்து மெயில்மேன் வரிகளைப் பாருங்கள். முதல் பத்தியில் இருக்கும் பெயர்தான் இந்த நொடியில் ஓடிக்கொண்டிருப்பவர். அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் கேட்’ என்று அடித்து அந்தச் சேவையின் யூனிட் கோப்பைப் படியுங்கள். ‘யூசர்’ என்று தொடங்கும் வரி இருக்கும். அந்த வரி இல்லை என்பதற்காக ரூட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெப் பக்கத்தைச் சில இடங்களில் யூவிஸ்கி என்ற புரோகிராம் ஓட்டுகிறது. அது தன் சொந்த அமைப்புக் கோப்பைப் பார்த்துப் பயனரை மாற்றிக்கொள்ளக்கூடியது.

மூன்றாவதாகக் கோப்பகங்கள். ‘வார்’ கோப்பகத்தில் ‘லிப்’, அதற்குள் ‘மெயில்மேன்3’. அங்கே போய் ‘எல்எஸ் -எல்’ அடியுங்கள். வரிசைகள், தரவு, பூட்டுக் கோப்புகள் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று தெரியும். அதே இடத்தில் ‘வெப்’ என்று ஒரு உள் கோப்பகம் இருந்தால், அதன் உரிமையாளர் வேறாக இருப்பதையும் கவனித்து வையுங்கள். பின்னால் அது உங்களைக் காப்பாற்றும்.

நான்காவது, பலர் மறந்துவிடுவது: கிரான். ‘எட்சி’யில் உள்ள ‘கிரான்.டி’ கோப்பகத்தில் நேரத்துக்கு அடுத்து வருகிற சொல் பயனரின் பெயர். டெபியனில் நாள்தோறும் டைஜஸ்ட் அனுப்புவதும், காத்திருக்கும் அஞ்சல்களைப் பற்றி மட்டுறுத்துநர்களுக்கு நினைவூட்டுவதும் அங்கே ‘லிஸ்ட்’ பெயரில் எழுதப்பட்டிருக்கும். ஒரு பயனரின் சொந்த கிரான்டேபில் இந்தப் பெயர்ப் பத்தியே கிடையாது. அது யாருடைய கிரான்டேபோ அவராகவே ஓடும். முன்பிருந்தவர் ரூட்டின் கிரான்டேபில் மெயில்மேன் வரி ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தினமும் ரூட் கோப்புகள் முளைத்துக்கொண்டே இருக்கும். முதல் வாரத்திலேயே ரூட்டின் கிரான்டேபை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ரூட்டாக ஓட்டினால் என்னதான் ஆகிறது

பொதுவாக ‘பெர்மிஷன் கெடும்’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது போதாது. எப்படிக் கெடுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறுபடி அந்தத் தவறைச் செய்வதில்லை.

புதிய சர்வர், போஸ்ட்ஃபிக்ஸோடு மெயில்மேனை இணைக்கிறீர்கள். எந்தெந்த முகவரிக்கு வரும் அஞ்சலை மெயில்மேனிடம் தர வேண்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்ல ஒரு முகவரிப் பட்டியல் தேவை. ‘மெயில்மேன் அலையஸஸ்’ கட்டளை அதை எழுதித் தரும். எழுதியதோடு நிற்காமல், போஸ்ட்ஃபிக்ஸின் ‘போஸ்ட்மேப்’ கருவியைக் கூப்பிட்டு, வேகமாகத் தேடத்தக்க ‘.டிபி’ கோப்பாகவும் மாற்றிவிடும். முதல் தடவை இதை நீங்கள் ரூட்டாக ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு கோப்பும் ரூட் பெயரில் பிறக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் படிக்கும், அஞ்சல் போகும், எல்லாம் சுபம்.

ஒரு மாதம் கழித்து இன்னொருவர் வெப் பக்கத்தில் போய்ப் புதிய லிஸ்ட் ஒன்றை உருவாக்குகிறார். இப்போது அதே முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியது கோர், அதாவது ‘லிஸ்ட்’ பயனர். எழுத்துக் கோப்பைப் புதிதாக எழுதிப் பழையதன் இடத்தில் வைத்துவிட அதனால் முடியும், கோப்பகம் அதனுடையதுதான். ஆனால் ‘போஸ்ட்மேப்’ ஏற்கெனவே இருக்கிற ‘.டிபி’ கோப்பைத் திறந்து எழுதப் பார்க்கும், அது ரூட்டுடையது. தோல்வி. உலாவியில் அவருக்குக் கிடைப்பது ஒரு பொத்தாம்பொதுவான சர்வர் பிழை. அவர் வெப் பக்கம்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார், அதன் லாகைத் தோண்டுவார், வெப் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்குவார். ஒரு மாதத்துக்கு முன் வேறொருவர் அடித்த ஒற்றை வரியை யார் நினைப்பார்கள்?

போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்ஸே வெனிமாவுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரிந்திருக்கிறது. ‘போஸ்ட்மேப்’பை நீங்கள் ரூட்டாக ஓட்டினாலும், மூலக் கோப்பின் உரிமையாளர் ரூட் அல்லாத ஒருவர் என்றால், அது ரூட் அதிகாரத்தைத் தானாகவே கைவிட்டு, அந்த உரிமையாளராக மாறித்தான் வேலை செய்யும். வேண்டாம், ரூட்டாகவே இரு என்று சொல்லத் தனியாக ஒரு விருப்பக்குறி கொடுக்க வேண்டும். கோப்பு யாருடையதோ அவராக மாறி வேலை செய்வது: இதே பழக்கம்தான் மனிதர்களுக்கும் வேண்டும்.

அடுத்தது வரிசைகள். உள்ளே வரும் ஒவ்வொரு அஞ்சலும் ‘இன்’, ‘பைப்லைன்’, ‘அவுட்’ என்று கோப்பகம் கோப்பகமாக, ‘.பிசிகே’ என்று முடியும் சிறு கோப்பாக நகர்ந்து போகிறது. நடுவில் எதிர்பாராத பிழை வந்தால் அஞ்சல் ‘ஷண்ட்’ என்ற கோப்பகத்தில் ஒதுக்கி வைக்கப்படும். பிழையைச் சரிசெய்த பிறகு ‘மெயில்மேன் அன்ஷண்ட்’ என்றால் அவை மறுபடி வரிசைக்குத் திரும்பும். இந்தக் கட்டளையை எல்லோரும் பதற்றத்தில்தான் அடிப்பார்கள். பதற்றத்தில் சூடோ தானாக விரலில் வந்துவிடும். திரும்பிய அஞ்சல்கள் ரூட் பெயரில் புதிய கோப்புகளாக எழுதப்படும். உரிமையாளருக்கும் குழுவுக்கும் மட்டும் அனுமதி, மற்றவருக்கு ஒன்றும் இல்லை என்பது மெயில்மேன் தன் கோப்புகளுக்கு வைத்துள்ள விதி.

இங்கே ஒரு நுணுக்கம். மெயில்மேனின் கோப்பகங்களில் ‘செட்ஜிஐடி’ என்ற குறி போடப்பட்டிருக்கலாம். போட்டிருந்தால், ‘எல்எஸ் -எல்’ காட்டும் அனுமதி வரிசையில் குழுவின் இடத்தில் ஓர் ‘எஸ்’ தெரியும். அந்தக் கோப்பகத்தில் யார் கோப்பை உருவாக்கினாலும், அதன் குழு மட்டும் கோப்பகத்தின் குழுவாகவே இருக்கும். ரூட் எழுதிய அஞ்சலையும் ‘லிஸ்ட்’ குழுவின் வழியாகச் சேவை படித்துவிடும். “நான் பல வருஷமா ரூட்லதான் ஓட்டறேன், ஒண்ணும் ஆனதில்லையே” என்று சொல்கிற சீனியர்களைக் காப்பாற்றி வந்திருப்பது இந்த ஓர் எழுத்தாகத்தான் இருக்கும். பழைய மெஷினிலிருந்து புதியதற்குக் கோப்புகளை அனுமதிகளோடு சேர்க்காமல் நகலெடுத்தாலோ, யாரோ ‘சிமாட்’ போட்டு மொத்தமாக மாற்றினாலோ அந்த எழுத்து காணாமல் போகும். அதற்குப் பிறகு ஓட்டுகிற முதல் ‘அன்ஷண்ட்’ அஞ்சல்களைச் சேவையால் படிக்க முடியாத கோப்புகளாக வரிசையில் அடைத்துவிடும்.

வெப் பக்கத்திலும் இதே கதைதான். காப்பகத்தில் தேடுவதற்கான அட்டவணையை மறுபடி கட்டுகிற கட்டளையை ரூட்டாக ஓட்டினால், அட்டவணைக் கோப்புகள் ரூட்டுடையதாகும். மணிக்கொரு முறை அதைப் புதுப்பிக்கிற வேலை அதற்குப் பின் தோற்றுக்கொண்டே இருக்கும். தேடினால் பழைய அஞ்சல் கிடைக்கும், நேற்று வந்தது கிடைக்காது. டெபியனில் இந்தக் கட்டளைக்குச் சரியான பயனர் ‘லிஸ்ட்’கூட அல்ல, இணையதளப் பயனர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரூட்டாக ஓட்டுவது மட்டுமல்ல, உங்கள் சொந்த லாகினில் ஓட்டுவதும் திகிலைத் தரக்கூடியது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்ட மெஷினில், அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது சில நேரம் மெயில்மேன் பயனரின் சூழல் மாறியில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். உங்கள் லாகினில் அது இல்லை. மெயில்மேன் தனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் தேடும், கிடைக்காவிட்டால் நிற்காது. தன் இயல்பு அமைப்பை எடுத்துக்கொண்டு, நீங்கள் நிற்கிற கோப்பகத்திலேயே ‘வார்’ என்று ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு வெற்று எஸ்க்யூலைட் தரவுத்தளத்தையும் வைத்து, ‘லிஸ்ட் எதுவும் இல்லை’ என்று பதில் சொல்லும். மொத்த லிஸ்ட்டும் அழிந்துவிட்டதாகப் பதறி, பேக்கப்பைத் திரும்ப ஏற்றப் போகிறவர்கள் உண்டு. ஒன்றும் அழியவில்லை, நீங்கள் பார்ப்பது வேறு மெயில்மேன். ‘மெயில்மேன் இன்ஃபோ’ என்று அடித்தால் எந்த அமைப்புக் கோப்பைப் படிக்கிறது என்று காட்டிவிடும். அறிமுகமில்லாத மெஷினில் முதல் கட்டளை அதுவாகவே இருக்கட்டும்.

சரியாக ஓட்டும் முறை

சூடோ என்றாலே ரூட் ஆவதற்கு என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ‘-யூ’ என்று போட்டு ஒரு பெயரைக் கொடுத்தால் சூடோ உங்களை அந்தப் பெயராக மாற்றும். டெபியனில் ‘சூடோ -யூ லிஸ்ட் மெயில்மேன் லிஸ்ட்ஸ்’ என்று அடித்தால் ‘லிஸ்ட்’ பயனராக லிஸ்ட்களின் பட்டியல் வரும். இந்த வடிவத்தை விரலுக்குப் பழக்குங்கள்.

‘எஸ்யூ’ போட்டு அந்தப் பயனராகவே நுழையப் பார்த்தால் டெபியனில் ‘இந்தக் கணக்கு தற்போது கிடைக்காது’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்து வெளியே தள்ளிவிடும். பயந்துவிட வேண்டாம், அந்தக் கணக்குக்கு ஷெல் ‘நோலாகின்’ என்று வேண்டுமென்றேதான் வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் அதில் லாகின் செய்யக் கூடாது, கட்டளை மட்டும் ஓட்டலாம். அந்த ஷெல்லை மாற்றி வழி திறந்துவிடாதீர்கள்.

இரண்டு சிறிய தடுக்கல்கள் எல்லோருக்கும் வரும். ரூட்டின் வீட்டுக் கோப்பகத்தில் நின்றுகொண்டு இன்னொரு பயனராக ஓட்டினால், அந்தப் பயனருக்கு நீங்கள் நிற்கிற இடத்தைப் படிக்கவே அனுமதி இருக்காது. கட்டளையில் தவறே இல்லாமல் பிழை வரும். போஸ்ட்கிரெஸ் பயனராக ‘பிஎஸ்க்யூஎல்’ திறந்தவர்களுக்கு இந்தச் செய்தி பழக்கமானது. கட்டளைக்கு முன் ‘சிடி /’ என்று உச்சிக் கோப்பகத்துக்குப் போய்விடுங்கள். மற்றது, சூடோ இயல்பாகவே உங்கள் சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் ஓட்டும். அமைப்புக் கோப்பின் இடத்தை உங்கள் ஷெல்லில் சொல்லி வைத்திருந்தால் அது அங்கே போய்ச் சேராது. மெயில்மேனுக்கே உரிய ‘-சி’ விருப்பக்குறியோடு கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்துவிடுங்கள். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்றால் மெயில்மேன் கட்டளைக்கும் முழுப் பாதை கொடுங்கள்.

டாக்கரில் ஓடினால் ‘டாக்கர் எக்ஸெக்’ கட்டளையிலேயே ‘-யூ’ உண்டு. அதைப் போடாவிட்டால் கன்டெய்னரின் இயல்புப் பயனராக நுழைவீர்கள். பல படிமங்களில் அது ரூட். கன்டெய்னருக்குள் தானே என்று அலட்சியம் வேண்டாம். தரவு வெளியே உள்ள வால்யூமில்தான் எழுதப்படுகிறது.

அண்மைய மெயில்மேன் பதிப்புகள் ரூட்டாக ஓட்டினால் மறுத்துவிடுகின்றன. கூடவே, உறுதியாக ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால் ‘--ரன்-அஸ்-ரூட்’ போடு என்றும் சொல்கின்றன. அவசரத்தில் இருப்பவர் அந்தச் செய்தியின் இரண்டாம் பாதியை மட்டும் படிப்பார். தயவுசெய்து முதல் பாதியைப் படியுங்கள். உங்கள் குழுவின் ஸ்கிரிப்ட் எதிலாவது அந்த விருப்பக்குறி நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால், அதை எடுக்கச் சொல்லி ஒரு டிக்கெட் போடுங்கள்.

ரூட் வேண்டிய இடங்களும் உண்டு, அவை குறைவு. பொதிகளை நிறுவுவது, ‘எட்சி’யில் உள்ள அமைப்புக் கோப்புகளைத் திருத்துவது, சிஸ்டம்சிடிஎல் வழியாகச் சேவையை நிறுத்தித் தொடங்குவது. கடைசியதில் நீங்கள் ரூட்டாக இருந்தாலும் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் சொன்ன பயனராகத்தான் மெயில்மேனை எழுப்பும். அதனால்தான் ‘மெயில்மேன் ஸ்டார்ட்’ என்று கையால் தொடங்காமல் சிஸ்டம்டியிடம் விட வேண்டும் என்கிறோம்.

இன்னும் மெயில்மேன் 2 ஓடுகிற இடத்துக்குப் போனால் கதை கொஞ்சம் வேறு. அங்கே அஞ்சல் சர்வர் ஒரு சிறிய சி புரோகிராமைக் கூப்பிடும். தன்னை எந்தக் குழு கூப்பிட வேண்டும் என்பது அதைக் கம்பைல் செய்யும்போதே பதிக்கப்பட்டது. வேறு குழு கூப்பிட்டால் ‘குரூப் மிஸ்மேட்ச்’ என்று அஞ்சல் திரும்பிவிடும். எந்தக் குழுவை எதிர்பார்த்தது, எந்தக் குழு வந்தது என்று இரண்டையும் அந்தச் செய்தியே சொல்லும். போஸ்ட்ஃபிக்ஸ் அதைக் கூப்பிடும் பயனர் அலையஸ் தரவுக் கோப்பின் உரிமையாளர். அந்தக் கோப்பு ரூட்டுடையது என்றால் ‘நோபடி’. ஆகவே பிழைச் செய்தியில் ‘நோபடி’ என்று கண்டால் அலையஸ் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கெட்டுப்போனதைச் சரிசெய்யும்போது

முதலில் எண்ணிப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள். ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘இந்தப் பயனருடையது அல்லாதவை’ என்று கேட்டால் தவறான உரிமையாளர் கொண்ட கோப்புகள் மட்டும் வரும். அந்தப் பட்டியலை டிக்கெட்டில் ஒட்டி வையுங்கள். கோப்பு உருவான நேரத்தைப் பார்த்தால் எந்தக் கட்டளையால் வந்தது என்றும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

‘சோன் -ஆர்’ என்று மெயில்மேன்3 கோப்பகம் முழுவதையும் ‘லிஸ்ட்’ பெயருக்கு மாற்றிவிடலாம் என்று கை துடிக்கும். டெபியனில் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் ‘வெப்’ கோப்பகம் இணையதளப் பயனருடையது. அஞ்சலைச் சரிசெய்யப் போய் வெப் பக்கத்தைக் கீழே தள்ளிவிடுவீர்கள். ஃபைண்ட் கொடுத்த பட்டியலில் உள்ளதை மட்டும், கோர் தனியாக, வெப் தனியாக மாற்றுங்கள்.

777 என்ற எண்ணை யாராவது உச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். மெயில்மேனின் அமைப்புக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லும், வெப் பக்கம் கோரோடு பேசும் கடவுச்சொல்லும் இருக்கின்றன. வரிசைகளில் இருப்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய அஞ்சல். தனிப்பட்ட லிஸ்ட்டில் மருத்துவ விடுப்பும் இருக்கும், தேர்வுக்குழு விவாதமும் இருக்கும். மெஷினில் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் அதைப் படிக்கவும் மாற்றவும் வழி திறப்பதைச் சரிசெய்தல் என்று சொல்ல முடியாது.

ஆபீஸில் இதை எப்படி நடத்துவது

சீனியர் சூடோ போடச் சொல்லும்போது எதிர்த்து வாதாட வேண்டியதில்லை. “அண்ணா, சர்வீஸ் லிஸ்ட் யூசர்ல ஓடுது, அதே யூசர்ல ஓட்டிப் பார்க்கறேன்” என்று சொல்லி ஓட்டிக் காட்டுங்கள். கட்டளை வேலை செய்துவிட்டால் வாதமே தேவைப்படாது. குழுவின் குறிப்பேட்டில் கட்டளையை எழுதும்போது வெறும் ‘மெயில்மேன்’ என்று தொடங்காமல், ‘சூடோ -யூ’ என்று பயனர் பெயரோடே எழுதுங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் குறிப்பைப் பார்த்து ஒட்டுகிறவர் யோசிக்க மாட்டார். அவருக்காக நீங்கள் பகலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

லிஸ்ட் நிர்வாகம் மட்டும் செய்கிறவருக்கு முழு ரூட் தர வேண்டாம் என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்பவர் நீங்களே, கேட்பது உங்கள் அதிகாரத்தைக் குறைக்கச் சொல்லி என்றாலும் கேளுங்கள். சூடோயர்ஸ் கோப்பில் அடைப்புக்குறிக்குள் பயனர் பெயர் வைத்து, இன்ன குழுவினர் ‘லிஸ்ட்’ பயனராக மெயில்மேன் கட்டளையை ஓட்டலாம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். திருத்துவதற்கு ‘விசூடோ’வைத்தான் பயன்படுத்த வேண்டும், அது சேமிக்கும் முன் இலக்கணத்தைச் சரிபார்க்கும். ஒன்று மட்டும் கவனம்: மெயில்மேனில் ‘ஷெல்’ என்ற துணைக் கட்டளை உண்டு, அது பைத்தான் உரையாடலையே திறந்துவிடும். மெயில்மேன் கட்டளைக்கு அனுமதி என்றால் ‘லிஸ்ட்’ பயனரின் எல்லா அதிகாரத்துக்கும் அனுமதி என்றே பொருள் கொள்ளுங்கள். அப்படியிருந்தும் ரூட்டைத் தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மை இருக்கிறது. சூடோ ஒவ்வொரு கட்டளையையும் லாகில் எழுதுகிறது: அடித்தவர் யார், எந்தக் கோப்பகத்தில் நின்றார், எந்தப் பயனராக, எந்தக் கட்டளை. உறுப்பினர்கள் திடீரென நீக்கப்பட்டுவிட்டார்கள் என்று புகார் வந்தால் இரண்டு நிமிடத்தில் விடை சொல்லலாம். எல்லோரும் ரூட் ஷெல் திறந்து உட்கார்ந்திருந்தால், யார் ஷெல் திறந்தார் என்பது மட்டும்தான் லாகில் இருக்கும். உள்ளே என்ன அடித்தார் என்பது இருக்காது. சந்தேகம் எல்லோர் மேலும் விழும், பெரும்பாலும் புதிதாக வந்தவர் மேல்தான் முதலில்.

நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: “கட்டளை பெர்மிஷன் டினைட் என்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று நான் கேட்பதுண்டு. சூடோ போடுவேன் என்று சொல்பவர் நிறையப் பேர். அந்தக் கோப்பு யாருடையது, சேவை யாராக ஓடுகிறது, நான் யாராக இருக்கிறேன் என்று மூன்றையும் பார்ப்பேன் என்பவர் குறைவு. இரண்டாவது விடையைச் சொல்ல மெயில்மேன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ், இணையதளம், பேக்கப், எதுவானாலும் கேள்வி இதேதான். ஒரு பழைய மடிக்கணினியில் டெபியன் போட்டு, மெயில்மேனை நிறுவி, மேலே சொன்ன ‘.டிபி’ கோப்புச் சிக்கலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள். பிறகு ‘பிஎஸ்’, ‘எல்எஸ் -எல்’, லாக் என்று வரிசையாகப் போய் அதைக் கண்டுபிடியுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும், நேர்காணலில் அதைச் சொல்லும்போது உங்கள் குரலே வேறாக இருக்கும்.